பிப்பெட் சார் போயிட்டாரு

மாப்ள கருணா,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பிள்ளைக எல்லாம் சௌக்கியமா? இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கு. உங்க அப்பாவை டீக்கடையில பாத்தேன், என்னையக் கண்டதும் "அவன் எப்பய்யா வர்றான்"னுதான் கேட்டாரு, நான் என்னத்தச் சொல்ல. வாய்ஸ் நோட் போட்டா நீ ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓடவிட்டு பாதியில கட் பண்ணுவேன்னு தெரியும், அதான் உக்காந்து டைப் பண்றேன். ஒழுங்கா முழுசா படி.

பத்தாப்புல நமக்குப் பாடம் எடுத்த நம்ம பிப்பெட் சார் போயிட்டாரு. க்ரூப்புல நீயும் "ஆழ்ந்த இரங்கல்" போட்டு கைகூப்புற படம் ஒட்டியிருந்த, பாத்தேன். அன்னைக்கு இங்க நடந்தது க்ரூப்புல எழுதற விசயம் இல்லடா. அங்க குட்டையனும் இருக்கான்ல.

சாருக்கு காய்ச்சல்னு மதுரைக்கு கூட்டிட்டுப் போனாங்க, டெஸ்ட்ல பன்றிக்காய்ச்சல்னு வந்துச்சு. ஏற்கனவே சுகர், வயசு வேற, வென்டிலேட்டர் வரைக்கும் போயும் தேறல. ஆஸ்பத்திரிக்காரங்க பாடியை கவர்ல போட்டு ஜிப்பை இழுத்து மூடி "யாரும் தொறக்கப்பிடாது, நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்ல ஆளில்லை. நம்ம ஊரு பத்தி உனக்குத் தெரியும், ஆம்புலன்ஸ் பைபாஸ் திரும்புறதுக்குள்ள தெருவுல கூட்டம் கூடிருச்சு. முன்னாடி நிக்கிறது யாருன்னு நினைக்கிற? நம்ம குட்டையன்தான். இப்ப கவுன்சிலர் வேற. "வண்டி தெருவுக்குள்ள வரக்கூடாது, பிள்ளைகுட்டி இருக்குற இடம், காத்துல பரவும்"னு சவுண்டு. பத்தாப்புல அவனுக்கு சார் எத்தனை தடவ பாஸ் மார்க் போட்டாருன்னு நம்ம ரெண்டு பேருக்கும்தான தெரியும்!

எனக்கு போன் வந்ததும் வண்டியை எடுத்துட்டு ஓடுனேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர்னா சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர் போடுறவன்னுதான நீ கிண்டல் பண்ணுவ, அந்தப் பவுடருக்கு அன்னைக்குத்தான்டா மரியாதை வந்துச்சு.

குட்டையன்கிட்ட கேட்டேன், "செத்தவர் இருமுவாராடா?" முழிச்சான். பன்றிக்காய்ச்சலும் ஒரு ஃப்ளூதான், அது முக்கியமா இருமல், தும்மல்லதான் பரவும். மூச்சு நின்னவரு தெருவுல போற யாருக்கும் ஒட்ட வைக்க மாட்டாரு. பக்கத்துல இருந்து தூக்குறவங்க, குளிப்பாட்டுறவங்கதான் கவனமா இருக்கணும், ஏன்னா உடம்பைப் புரட்டும்போது நுரையீரல்ல கிடக்குற காத்து, வாய் மூக்குல இருந்து வர்ற நீர் மேல படலாம். அதுக்கு மாஸ்க்கு, கையுறை, வேலை முடிஞ்சதும் சோப்பு, அவ்வளவுதான். கொரோனா வந்து உலகமே நடுங்கிட்டிருந்த 2020 மார்ச்சுலயே மத்திய சுகாதாரத்துறை ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு. கசியாத கவர்ல போடணும், கவர் மேல ஒரு பர்சன்ட் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி தெளிக்கணும், குளிப்பாட்டுறது, முத்தம் குடுக்குறது, கட்டிப்பிடிக்கிறது கூடாது. ஆனா சொந்தக்காரங்க கடைசியா முகம் பாக்க ஜிப்பைத் தொறந்து காட்டலாம். மந்திரம் ஓதலாம், புனித நீர் தெளிக்கலாம், தொடாம செய்யுற சடங்கு எல்லாத்துக்கும் இடம் உண்டு. எரிச்ச சாம்பல்ல ஆபத்தே கிடையாதுன்னும் எழுதியிருந்தாங்க. அத்தனை பயத்துக்கு நடுவுலயும் முகம் பாக்க விட்டிருக்காங்க மாப்ள. இப்ப ஒரு ஃப்ளூவுக்கு சாரோட முகத்தை மறைச்சு அனுப்பியிருக்காங்க.

குட்டையன் அப்பவும் அடங்கல. அப்பதான் சட்டத்தை எடுத்து விட்டேன். 2020 ஏப்ரல்ல சென்னையில ஒரு நரம்பியல் டாக்டர் கொரோனாவுல இறந்து போனாருல்ல, கீழ்ப்பாக்கத்துல புதைக்க விடாம, வேலங்காட்டுக்குக் கொண்டு போனா அங்கயும் கல்லு, கட்டை, ஆம்புலன்ஸ் கண்ணாடி தூள்தூளாகி, கடைசியில கூட இருந்த இன்னொரு டாக்டரே ராத்திரியில மம்பட்டி பிடிச்சு மண்ணு தள்ளுனாரே. அதுக்கப்புறம்தான் நம்ம அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு, அறிவிக்கப்பட்ட தொற்றுநோயில செத்தவங்களை அடக்கம் பண்ண விடாம தடுத்தா குறைஞ்சது 1 வருசம், கூடினது 3 வருசம் ஜெயில். "அடுத்த எலக்‌ஷனுக்கு உள்ள இருந்துதான் நாமினேஷன் போடணும்டா"ன்னேன். அந்தச் சட்டம் ஃப்ளூவுக்கு செல்லுமா செல்லாதான்னு நானும் சொல்லல, அவனும் கேக்கல. பத்தாப்பு படிக்கும்போதே அவன் கேள்வி கேக்குற ஆள் இல்லையே.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்துச்சு. டீச்சரம்மா திண்ணையில உக்காந்திருந்தாங்க, அழல. என் கையைப் பிடிச்சு "அவருக்கு ஒரு சொம்பு தண்ணியாவது ஊத்தலாமா தம்பி"ன்னு கேட்டாங்கடா. எனக்கு நெஞ்சை அடைச்சிருச்சு. "ஊத்தலாம்மா"ன்னேன்.

நீர்மாலை எடுக்கப் போனவங்களை வரச் சொல்லி, அந்தத் தண்ணியை கவர் மேல தெளிக்கச் சொன்னேன், குளிப்பாட்டல. நானும் மயானத்துல வேலை பாக்குற நம்ம மாரியும் கவுன், கையுறை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிட்டு ஜிப்பை நெஞ்சு வரைக்கும் இறக்குனோம். ரெண்டடி தள்ளி நின்னு ஒவ்வொருத்தரா பாத்தாங்க. கோடித்துணியை மடிச்சு மேல விரிச்சாங்க, வாய்க்கரிசியை நெஞ்சுக்கிட்ட கவர் மேல வெச்சாங்க. பெரியவன் அமெரிக்காவுல இருந்து வீடியோ கால்ல பாத்தான், போனை நான்தான் பிடிச்சிட்டு நின்னேன், கண்ணாடிக்குள்ள ஆவி அடிச்சு எனக்கு ஒண்ணுமே தெரியல. மொத்தமே அரைமணி நேரம்தான். இதுல என்னத்தப் பரவிரப் போகுது சொல்லு. மாரி கையுறையைக் கழட்டுன விதத்தை நீ பாக்கணும், வெளிப்பக்கம் விரல் படாம உள்ள இருந்து உருட்டி உருட்டி, அப்புறம் மாஸ்க்கு, அப்புறம் முழங்கை வரைக்கும் சோப்பு. 2021 மே மாசம் மின்மயானத்துல வரிசையில பாடி கிடந்தப்ப கத்துக்கிட்டது. அந்தாளுக்கு அந்த வருசம் யாரும் மாலை போடல, டீ கூட டம்ளரைத் தள்ளி வெச்சுத்தான் குடுத்தாங்க.

நீ கேப்ப, அப்ப எந்தச் சாவுக்கும் பயமே வேண்டாமான்னு. அப்படி இல்லடா, நோய்க்கு நோய் மாறும். நான் எபோலா பத்திப் பேச ஆரம்பிச்சா நீ போனை வெச்சிருவ, லெட்டர்னா வைக்க முடியாதுல்ல, படி. 2014ல அந்த நோய் மேற்கு ஆப்பிரிக்காவுல கினி, சியரா லியோன், லைபீரியான்னு பரவுனப்ப இருந்தே எனக்கு அதுமேல ஒரு கிறுக்கு. எபோலாவுல ஆள் சாகுறப்பதான் உடம்புல கிருமி உச்சத்துல இருக்கும், ரத்தம், வாந்தி, வேர்வை எல்லாத்துலயும். செத்த பிறகும் நாள்கணக்குல உசுரோட கிடக்கும். அந்த ஊர்கள்லயோ நம்மளை மாதிரியே பிணத்தைக் குளிப்பாட்டுவாங்க, தடவிக் குடுப்பாங்க, தூரத்துச் சனமெல்லாம் வந்து விழுந்து அழும். சியரா லியோன் எல்லையில ஒரு நாட்டு வைத்தியரம்மா செத்துப்போச்சு, ராசியான கைன்னு பேரு. அந்த ஒரு சாவு வீட்டுல இருந்து கிளம்புன தொடர்ல 365 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு அங்கத்த சுகாதாரத்துறை கணக்குப் போட்டுச்சு. ஒரே எழவு வீடு மாப்ள!

உடனே என்ன பண்ணுனாங்க தெரியுமா? அடக்கம் பண்ற குழுக்காரங்க விண்வெளிக்குப் போறவங்க மாதிரி வெள்ளை டிரெஸ்ஸுல இறங்குனாங்க, பாடியைத் தூக்குனாங்க, எங்க புதைச்சாங்கன்னு கூட சொல்லாமப் போயிட்டாங்க. லைபீரியாவுல 2014 ஆகஸ்டுல தலைநகர் மன்ரோவியா பக்கம் செத்தவங்களை எல்லாம் எரிச்சாகணும்னு உத்தரவு. எரிக்கிற பழக்கமே இல்லாத சனம் அது. சுடுகாடு எங்க இருந்துச்சுங்கிற, ஊருக்கு வெளிய பாய்ஸ் டவுன்ல அங்க வியாபாரம் பண்ற நம்ம இந்தியாக்காரங்க தங்களுக்குன்னு கட்டி வெச்சிருந்தது! அவங்க சடங்குக்கு கட்டுனது, அடுத்தவனுக்கு தண்டனையாப் போச்சு. வருசா வருசம் மார்ச்சுல டெக்கரேஷன் டேன்னு லீவு விட்டு கல்லறையைக் கழுவி வெள்ளையடிக்கிற ஊருடா அது. கல்லறையே இல்லாதவன் எங்க போவான்? ஜனம் நோயாளியை ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சிருச்சு, பிணத்தை ராத்திரியோட ராத்திரியா தாங்களே கழுவிப் புதைச்சிருச்சு. நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவுக்குப் பயந்தே நோய் ஒளிஞ்சு ஒளிஞ்சு பரவுச்சு. கினியில இன்னும் மோசம், வோமேங்கிற கிராமத்துல விளக்கம் சொல்லப் போன குழுவுல எட்டுப் பேரைக் கொன்னே போட்டாங்க.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அந்த வருசக் கடைசியில உலக சுகாதார நிறுவனம் இமாம்கள், பாதிரியாருங்களோட உக்காந்து பேசி புது முறை எழுதுச்சு. அதுல எனக்குப் பிடிச்சது என்ன தெரியுமா, குழு வந்து இறங்கும்போது அந்த டிரெஸ்ஸைப் போட்டிருக்கவே கூடாது. சாதா சட்டையில வரணும், குடும்பத்துக்கிட்ட துக்கம் விசாரிக்கணும், என்ன செய்யப் போறோம்னு சொல்லி சம்மதம் வாங்கணும், அதுக்குப் பொறவுதான் அவங்க கண்ணு முன்னாடியே டிரெஸ் மாட்டணும். குழியைக் குடும்பத்து ஆளுங்களே வெட்டலாம், ரெண்டு மீட்டர் ஆழம். முஸ்லிம்னா தண்ணியில்லாம சுத்தம் பண்ற தயம்மும் செஞ்சு வெள்ளைக் கஃபன் துணி. பேரெழுதி அடையாளம் வைக்கணும், புதைச்ச இடம் குடும்பத்துக்குத் தெரியணும். மத்தபடி ரசாயனம், கையுறை, கவர் எதுவும் குறையல. டிசம்பர்ல லைபீரியாவுல எரிக்கிறதை நிறுத்தி டிஸ்கோ ஹில்லுல தனியா மயானம் தொறந்தாங்க. பேரு சிரிப்பா இருக்குல்ல, எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. செஞ்சிலுவைக்காரப் பசங்கதான் மூணு நாட்டுலயும் இந்த வேலையில பெரும்பங்கு தூக்குனது, அவங்களைத்தான் சொந்த ஊரே வீட்டுக்குள்ள சேக்கல. மாரி மாதிரித்தான்.

இதெல்லாம் 2014லயே எழுதி வெச்ச பாடம்டா. அப்படியிருந்தும் 2020 ஏப்ரல்ல பக்கத்துல இலங்கையில கொரோனாவுல செத்தா எரிச்சுத்தான் ஆகணும்னு கெசட் போட்டான். புதைச்சா நிலத்தடித் தண்ணி கெட்டுப்போகும்னு சாக்கு. புதைக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேக்கல. பொறந்து 20 நாள் ஆன முஸ்லிம் பச்சப்புள்ளையை அப்பா அம்மா கெஞ்சக் கெஞ்ச கொழும்புல பொரளை மயானத்துல எரிச்சாங்க. அந்த மயானக் கேட்டுல சனங்க வெள்ளைத்துணி கட்டிட்டுப் போனாங்க, சிங்களவங்க, தமிழங்க எல்லாருந்தான். 2021 பிப்ரவரியில உத்தரவை மாத்திட்டு, முதல்ல வடக்குல இருக்குற இரணைதீவுல புதைக்கப் போறோம்னான், அங்கத்த நம்ம மீனவச் சனம் எங்க ஊரை ஏன் கேட்டுப் பண்ணலன்னு ரோட்டுக்கு வந்துச்சு. கடைசியில மட்டக்களப்பு பக்கம் ஓட்டமாவடியில 3,600க்கும் மேல அடக்கம் பண்ணுனாங்க. கொழும்புக்காரன் அப்பனுக்கு துவா ஓத தீவோட அந்தக் கோடிக்குப் போகணும். 2024ல மந்திரிசபை மன்னிப்புக் கேக்க முடிவெடுத்துச்சு. எரிஞ்சது எரிஞ்சதுதான.

நம்மளும் யோக்கியம் இல்ல. சுனாமிக்கு நாகப்பட்டினத்துல கொள்ளைநோய் வந்துரும்னு பொக்லைன்ல அள்ளி மொத்தமா புதைச்சோமே. தண்ணியில அடிபட்டுச் செத்தவன் உடம்புல கொள்ளைநோய் எங்க இருந்து வரும்? உசுரோட இருக்கும்போது இல்லாத நோய் செத்த பிறகு முளைக்காது. அவசரத்துல எத்தனை பேருக்குத் தன் பிள்ளை எந்தக் குழியிலன்னே தெரியாமப் போச்சு. வாந்திபேதியில செத்தா கதை வேற, அதுல குடல்ல இருந்து கசியுற தண்ணிதான் ஆபத்து, பிணம் தூக்குன கையோட பந்தியில சோறு பரிமாறக் கூடாது. இதைச் சொன்னா எங்க ஆபீஸ்ல "சாரு ஆரம்பிச்சிட்டாரு"ங்கிறானுக.

சாரை ஆத்தோரம் அவங்க அப்பா பக்கத்துலயே வெச்சோம். சின்னவன் கையுறை போட்டுக்கிட்டு கயிறு பிடிச்சான், குழிமேட்டுல மூணு கை மண்ணு வெறுங்கையாலதான் போட்டான், மண்ணுல ஒண்ணும் இல்லப்பான்னு நான்தான் கழட்டச் சொன்னேன். குட்டையன் ரோட்டு முக்குலயே நின்னான், மாஸ்க்கு மேல மாஸ்க்கு. மறுநாள் எனக்கு போன் பண்ணி "மாப்ள, எனக்கு லேசா தொண்டை கரகரங்குது"ன்னான். உப்புத்தண்ணி கொப்பளின்னு வெச்சிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நம்ம செட்டு சார்பா சாப்பாட்டுச் செலவு ஏத்துக்கலாம்னு பேச்சு, உன் பங்கை ஜிபே பண்ணு, அதோட அந்தப் பழைய முந்நூறையும் சேத்து. டீச்சரம்மாவுக்கு நீயே ஒரு போன் போடு, சாயந்தரம் ஆறுக்கு மேல போடு, பகல்ல தூங்குறாங்க. "கருணா லேப்ல கண்ணாடியை உடைச்சவன்தான"ன்னு உன்னைத்தான் முதல்ல கேட்டாங்க. நம்பர் தனியா அனுப்புறேன். மாரிக்கு நல்ல ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, ஒம்பதாம் நம்பர், வரும்போது வாங்கிட்டு வா, இங்க கிடைக்கிறது ரெண்டு மாசம் தாங்க மாட்டேங்குது.

உன்
ராசு