பேப்பர் எல்லாம் சரிதான், மகள்

பண்டாரவளை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ இடையில் அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் அப்புறம் சொல்லவே மாட்டேன். 29 வருஷம் அப்படித்தான் போனது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உள்ளே ஒரு சின்ன உறையும் இருக்கிறது. இதை முழுக்க வாசித்துவிட்டு அதைப் பிரி.

லீட்ஸில் உன் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்யும் அந்த நெதர்லாந்துப் பிள்ளையைப் பற்றிப் போன மாதம் சொன்னாய். 1984ல் கைக்குழந்தையாக இங்கே இலங்கையிலிருந்து தத்துக்குக் கொண்டு போகப்பட்டவள், பேப்பரில் இருந்த விலாசத்தைத் தேடி இங்கே வந்தாள், அங்கே இருந்த பெண்ணோ "நான் உன் அம்மா இல்லை, அன்றைக்குக் காசு கொடுத்து என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்" என்று சொல்லிவிட்டாள் என்றாய். எனக்கு அது புதிய செய்தி இல்லை மகள். 2017ல் டச்சுத் தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்தபோது நம் வீட்டு டிவியிலும் செய்தி போனது. அப்போதிருந்த நம் நாட்டுச் சுகாதார அமைச்சரே நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். எண்பதுகளில் ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் ஏறக்குறைய 11,000 பேர், அதில் 4,000 பேர் வரை நெதர்லாந்துக்கு என்றார்கள். அப்பா டிவியை அணைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றார். நான் சோற்றை வடித்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2021 பெப்ரவரியில் அந்த நாட்டு அரசு விசாரணை அறிக்கை வந்த கையோடு வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தத்தெடுப்பதை நிறுத்திவைத்த செய்தியை நான் தனியாகத்தான் பார்த்தேன். அப்போது அப்பா இல்லை.

அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லி முடித்து நீ கேட்டாய்: "அம்மா, என் பேப்பர் எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரி மகள்" என்றேன். அது பொய் இல்லை. உன் பேப்பரில் யாரும் யாருக்காகவும் நடிக்கவில்லை. பெயர் சரி, திகதி சரி, கையெழுத்து உன்னைப் பெற்றவளே போட்டது. நீதிமன்ற உத்தரவு சரி. அந்தப் பேப்பரை அவளுக்கு விளங்கப்படுத்தியது நான். அங்கேதான் பொய் இருக்கிறது.

உனக்குத் தெரிந்தது இவ்வளவு: நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் படிப்பித்தேன், அப்பா ஃபெக்டரியில் கிளாக்கராக இருந்தார், எங்களுக்குப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லை, அந்தத் தோட்டத்தில் ஒரு பெண் உன்னைத் தந்தாள். அவள் என் மாணவி என்பதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தாள். அப்புறம் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள், பதினாறு பதினேழு வயதில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். உன்னைப் பெறும்போது அவளுக்கு 19. நான் அவளை "அவள்" என்று எழுதுவது அந்தப் பழக்கத்தில். நீ அப்படிச் சொல்லாதே.

உன்னைத் தரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவள்தான் மருத்துவிச்சியம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். ஏன் தந்தாள், யாரால் அவளுக்கு அந்த நிலை வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை மட்டும் இதில் எழுதமாட்டேன். என்னை நம்பிச் சொன்ன விஷயம், அவள் வாயால்தான் நீ கேட்க வேண்டும். உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் இது என் இரகசியம் இல்லை.

1996 டிசம்பரில், உனக்கு ஆறு கிழமை இருக்கும்போது, தத்துக் கொடுக்கும் விஷயத்தை விசாரிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர், ஒரு சிங்கள அம்மா, அவள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. தமிழ் தெரியாது. 1987ல் தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது, ஆனால் ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் எங்கள் கையில் வந்த பேப்பர் முழுக்கச் சிங்களம். "டீச்சர், நீங்களே சொல்லிக் கொடுங்கள்" என்று என்னிடம் விட்டார். பிள்ளையை வாங்குகிறவளே கொடுக்கிறவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது எவ்வளவு பிழையான காரியம் என்று அன்றைக்கு யாருக்கும் படவில்லை. எனக்குப் பட்டது. வாய் திறக்கவில்லை.

அந்த அம்மா சொன்னது இதுதான்: நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு இந்தப் பிள்ளை சட்டப்படி இவர்களுக்குப் பிறந்த பிள்ளை மாதிரி, பெற்றவளுக்கு எந்த உரிமையும் இருக்காது, மனம் மாறித் திருப்பிக் கேட்கவும் முடியாது, நன்றாக யோசிக்கச் சொல்லுங்கள். நான் தமிழில் சொன்னது: "புள்ள எங்க வீட்டுல நல்லா வளரும். படிக்க வைப்போம். நீ ஒண்ணுக்கும் பயப்படாத."

அவள் கேட்டாள், "நான் வந்து பாக்கலாம்தானே டீச்சர்?"

"எப்ப வேணும்னாலும் வா" என்றேன்.

"தேருணாத?" என்று அந்த அம்மா கேட்டார். விளங்கியதா என்று. "ஓவ்" என்று நான் பதில் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வகுப்பில் சிலேட்டில் அவள் கையைப் பிடித்து நான் பழக்கிய கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வளைவு போடுவாள். அதே வளைவு.

பிள்ளையைத் தத்தெடுப்பதற்கான நம் நாட்டு மகவேற்புச் சட்டம் 1941ல் வந்தது. பிள்ளையைக் கொடுப்பவர் சம்மதித்தால் மட்டும் போதாது, அந்த உத்தரவின் தன்மையும் விளைவும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், அதில் நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கோர்ட்டில் அவளிடம் "சம்மதமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "சம்மதங்கய்யா" என்றாள். அப்படிச் சொல்லச் சொல்லி பஸ்ஸில் போகும்போது நான்தான் அவளுக்குப் பழக்கினேன்.

1948ல் நம் மலையக ஆட்களின் குடியுரிமை எப்படிப் போனது, 1964ல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்தெந்தப் பேப்பரில் கைநாட்டு வைத்துத் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள் என்று வகுப்பில் தொண்டை கட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான். வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கை வைக்காதீர்கள் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அந்தப் பாடத்தை அவளும் என் வகுப்பில் இருந்துதான் கேட்டாள்.

காசு விஷயமும் சொல்ல வேண்டும். அப்பா ஒரு தொகை கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை. "காசு வாங்கினா வித்த மாதிரி ஆயிரும் டீச்சர்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வேன் கூலியைத் தவிர ஒரு சதம் நம்மிடம் இருந்து போகவில்லை. ஆனால் நம் சொந்தக்காரர்கள் "கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தானே எடுத்தீங்க" என்று பேசியபோது நான் மறுக்கவில்லை. அப்படி நினைத்தால் அவள் பேச்சு இனி வீட்டில் வராது என்று எனக்கு ஒரு நிம்மதி. பெரிய மாமா உன் கல்யாணப் பேச்சில் அப்படி ஒரு வார்த்தை விட்டதும் நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். மகள், உன்னை யாரும் விற்கவில்லை. யாரும் வாங்கவில்லை.

சொன்ன மாதிரியே அவள் வந்தாள். சம்பள நாளுக்கு அடுத்த நாள், கையில் ஒரு பிஸ்கட் பக்கற்று. முற்றத்திலேயே நிற்பாள், உள்ளே வா என்றால்தான் வருவாள். எட்டாவது மாதத்தில் ஒரு நாள் நீ என் மடியில் இருந்து இறங்கித் தவழ்ந்து அவளிடம் போனாய். அவள் உன்னைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்தாள், தூக்கலாமா என்று. நான் தலையாட்டினேன், ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. அதற்குப் பிறகு அவள் வரும் நேரத்தில் நீ தூங்குவதாகச் சொன்னேன். இரண்டு முறை.

1997 கடைசியில் எனக்குப் பண்டாரவளைக்கு மாற்றம் வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது தானாக வரவில்லை. நான் எழுதிக் கேட்டு, ஆளைப் பிடித்து வாங்கினேன். அவளிடம் சொல்லாமல் ஒரு விடியற்காலையில் லொறியில் சாமான் ஏற்றினோம். பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு முன்னால் தோட்டத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று டிரைவரை அவசரப்படுத்தினேன். உன்னைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தேன். பனி ஒரு காரணம்.

அவள் கடிதம் எழுதினாள். பழைய பள்ளிக்கு எழுத, அதிபர் விலாசத்தை மாற்றி எனக்கு அனுப்பிவைத்தார். மொத்தம் மூன்று. "புள்ள நடக்குதா டீச்சர்" என்று முதல் கடிதம். இரண்டாவதில் ஒரு நூறு ரூபாய்த் தாள் இருந்தது. பிறந்த நாளுக்குச் சட்டை எடுங்கள் என்று எழுதியிருந்தாள். அப்போது அது ஒரு முழு நாள் மலையில் நின்ற சம்பளம். சட்டை எடுத்தேன். நீ லீட்ஸுக்குக் கொண்டுபோன அல்பத்தில் மூன்றாவது படம், மஞ்சள் சட்டையில் கேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறாயே, அந்தச் சட்டை. அப்பா எடுத்துத் தந்தது என்று உனக்குச் சொன்னேன்.

மூன்றுக்கும் பதில் போடவில்லை. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும், யாராவது பிரித்து வாசித்தால் அவளுக்கு அவமானம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தோட்டத்தில் அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் மருத்துவிச்சியம்மா மூலம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப என்ன தடை? பயம்தான். நீ அவளை அம்மா என்று கூப்பிட்டுவிடுவாய் என்ற பயம். மூன்றாவது கடிதத்தில் "நான் தொல்லை பண்ணலிங்க டீச்சர், நல்லா இருக்குன்னு ஒரு வரி போதும்" என்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயதில் விஷயத்தைச் சொன்னோம். அவ்வளவாவது செய்தோம். ஆனால் நீ "அவங்க என்னைப் பாக்க வரவே இல்லையா?" என்று கேட்டபோது, "இல்லை மகள், அவள் கல்யாணம் கட்டிப் போய்விட்டாள், தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்றேன். இந்தக் கடிதத்தில் எழுதவே கை வராத இடம் இதுதான். நீ வேண்டாதவளாகப் பிறந்தாய் என்று உன்னை நினைக்க வைத்தவள் நான். உன் பன்னிரண்டு வயதிலிருந்து இன்று வரை.

உன் போன் வந்த பிறகு மருத்துவிச்சியம்மாவைத் தேடிப் போனேன். கொட்டகலையில் மகனோடு இருக்கிறார், கண் சரியாகத் தெரியவில்லை, ஞாபகம் நன்றாக இருக்கிறது. அவரிடமே சொல்லி, அவளுக்குச் சம்மதம் என்றால் மட்டும் பார்க்கிறேன் என்றேன். பத்து நாளில் சரி என்று வந்தது. போன புதன்கிழமை அவர் வீட்டில் வைத்துப் பார்த்தேன்.

முடி நரைத்திருக்கிறது. இடையில் ஆறு வருஷம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். நான் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள், நான் எழுந்து நின்ற பிறகுதான் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பிளேன்டீ வந்தது, ஆறிப்போனது. அன்றைக்கு அந்தச் சிங்கள அம்மா சொன்னதை, ஒரு வார்த்தையும் விடாமல், இந்த முறை சரியாகத் தமிழில் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்தாள்.

"அது தெரிஞ்சிருந்தாலும் குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியலைங்க டீச்சர்" என்றாள். "ஆனா அதை யோசிக்க வேண்டியது நானில்ல?"

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கடிதங்கள் மூன்றையும் அவள் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைகிட்ட குடுங்க" என்று திருப்பித் தந்தாள். உறைக்குள் இருப்பவை அவைதான். கூடவே உன் முதல் பிறப்புச் சான்றிதழின் பிரதி. அதில் அவள் பெயர் இருக்கிறது. நான் இங்கே எழுதாமல் விட்டது, நீயே அதில் வாசிக்க வேண்டும் என்பதற்காக.

அவளுடைய வீட்டுக்காரருக்கு உன்னைப் பற்றித் தெரியும். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதனால் அவசரப்பட்டு டிக்கெட் போட்டு வந்து வாசலில் நிற்காதே. எங்கே, எப்போது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். போன் நம்பர் தரலாமா என்று கேட்டேன். "புள்ள கேட்டா குடுக்குறேன்" என்றாள். கேட்கிறாயா இல்லையா என்று எனக்குச் சொல். கேட்காவிட்டாலும் அவளிடம் அப்படியே சொல்லுகிறேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என்னோடு கொஞ்ச நாள் பேச வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எழுது. அது உன் உரிமை.

இன்னொன்று. அந்த மஞ்சள் சட்டை அலுமாரியில் இருக்கிறது, கழுத்துப் பட்டன் ஒன்று மட்டும் போய்விட்டது. அதை அவளிடம் கொடுக்கலாம் என்று புதன்கிழமை பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். கொடுக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், உன்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று. என்ன செய்யட்டும் மகள்?

அம்மா