மறுஒளிபரப்பில் வெட்டுப்படும் பெயர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய தொடர்கள் மதியத்தில் மறுபடி வருவதைப் பாராட்டி நம் நாளிதழில் கட்டுரை வந்திருந்தது. பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம்தான். சேனலுக்கு அது வேறு கணக்கு. புதுத் தொடர் என்றால் ஷூட்டிங் வீட்டு வாடகை, யூனிட் பேட்டா, நடிகர் சம்பளம், எடிட்டிங். பழையதற்கு இதெல்லாம் கிடையாது. விளம்பரம் மட்டும் புதிது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது ‘மெட்டி ஒலி’யும் தூர்தர்ஷனில் ‘ராமாயண’மும்தான் கைகொடுத்தன.

முன்பெல்லாம் தயாரிப்பாளரே சேனலிடம் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரத்தையும் தானே பிடிப்பார். தொடர் அவர் சொத்து. பிறகு இன்னொரு சேனலுக்கும் விற்கலாம். இப்போது பெரும்பாலும் எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு முழு உரிமையையும் சேனலே வைத்துக்கொள்கிறது. எத்தனை தடவை போட்டாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நான் வசனம் எழுதுகிறவன். 2014-ல் எழுதிய தொடர் ஒன்று இப்போது திரும்ப ஓடுகிறது. “மாசாமாசம் பணம் வருமே சார்?” என்கிறார் பக்கத்து வீட்டம்மா. எங்கே? விடிய விடிய எழுதிய சீன் பேப்பரை ஸ்பாட்டுக்கு அனுப்பி, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கியதோடு சரி.

இத்தனைக்கும் சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, தியேட்டரில் திரையிடுவதைத் தவிர வேறு எந்த வகையில் பயன்படுத்தினாலும் எழுதியவருக்கு ராயல்டியில் சம பங்கு உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அந்தப் பங்கை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றித் தரலாம். அமெரிக்காவில் 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஓடிடியில் ஓடும் தொடர்களுக்கான பங்கும் முக்கியக் கோரிக்கையாக இருந்தது. இங்கே ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த தொடருக்குக் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று டைட்டில் பாட்டைப் பல்லவியோடு நிறுத்தி, மீதியை வெட்டிவிடுகிறார்கள். வசனம், கேமரா, எடிட்டிங் பெயர்களெல்லாம் சரணத்தில்தான் வரும். கதாநாயகி பெயர் தப்பிவிடுகிறது. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு தருகிறது. உரிமையை விற்ற பிறகும் அது படைத்தவரிடமே இருக்கும்.

பணத்துக்காக வழக்குப் போட எனக்கு வசதியில்லை. சங்கங்கள் அதைப் பார்க்கட்டும். டைட்டிலை மட்டுமாவது முழுசாகப் போடச் சொல்லி, சேனல்களுக்கு உறைக்கிற மாதிரி நீங்கள் ஒரு தலையங்கம் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வசனகர்த்தா,
சாலிகிராமம், சென்னை.