ஒரு பிரிவைப் படித்து இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்: பொதுத் தகவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொதுத் தகவல் அலுவலர்களுக்கும் முதல் மேல்முறையீட்டு அலுவலர்களுக்கும் வணக்கம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் வரும் மறுப்புக் கடிதங்களைப் படித்து மேல்முறையீடு தயாரிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். ஒரு பிரிவு கொடு என்கிறது. இன்னொரு பிரிவு கொடுக்காதே என்பதுபோல் தெரிகிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆணைகள் தடம் புரள்கின்றன. ஒரு பிரிவின் எண்ணை மட்டும் குறிப்பிட்டு மறுத்துவிடுகிறார்கள். மற்றப் பிரிவைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அப்படி எழுதப்பட்ட ஆணை மேல்முறையீட்டில் நிற்பது கடினம்.

ஒரே சட்டத்துக்குள் இரண்டு பிரிவுகள் முட்டினால் என்ன செய்வது என்பதில் நீதிமன்றங்களின் வழி பழையது, தெளிவானது. சட்டமன்றம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டக் கூடாது. இரண்டு பிரிவுக்கும் வேலை இருக்கும்படி படிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

1954-இல் ராஜ் கிருஷ்ண போஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செய்தது அதைத்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 33(2)-ஆம் பிரிவு, வாக்காளர் எவரும் ஒரு வேட்பாளரை முன்மொழியலாம் என்றது. 123(8)-ஆம் பிரிவோ, அரசு ஊழியரின் உதவியைத் தேர்தலுக்காகப் பெறுவது முறைகேடு என்றது. வாக்காளராக உள்ள அரசு ஊழியர் முன்மொழிந்தால்? முன்மொழிவது வரை 33(2) காக்கும், வாக்களிப்பதைத் தவிர அதைத் தாண்டி அவர் வேட்பாளருக்கு எந்த உதவி செய்தாலும் 123(8) பிடிக்கும் என்று நீதிமன்றம் எல்லை வகுத்தது. இரண்டு பிரிவும் உயிரோடு இருந்தன.

1963-இல் வந்த சிர்சில்க் தீர்ப்பு இன்னும் நுட்பமானது. அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டப்படி, தீர்ப்பாயத்தின் தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் அரசு அதை வெளியிட்டாக வேண்டியிருந்தது. அது 17-ஆம் பிரிவு. இரு தரப்பும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு அவர்களைக் கட்டுப்படுத்தியது, அது 18(1). தீர்ப்பு அரசிடம் போன பிறகு, வெளியாகும் முன் சமரசம் ஏற்பட்டுவிட்டது. 17-ஆம் பிரிவு கட்டாயமானதுதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் தகராறே தீர்ந்துவிட்ட நிலையில் வெளியிடுவதற்கு எதுவும் மிச்சமில்லை, எனவே அரசு வெளியிடாமல் இருக்க வேண்டும் என்றது. எந்தப் பிரிவையும் செல்லாது என்று சொல்லாமலே சிக்கல் தீர்ந்தது.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். ஒரு சாலைப் பணியின் பணி ஆணை, எம்-புக் (அளவுப் புத்தகம்), பணம் கோரும் பட்டியல் (பில்), ஒப்பந்ததாரர் கொடுத்த விலைப் பகுப்பாய்வு ஆகியவற்றின் நகல் கேட்டு ஜூன் 1 அன்று மனு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் தரப் பொதுவான கெடுவை வகுக்கும் பிரிவு 7(1) கணக்குப்படி 30 நாள், அதாவது ஜூலை 1. மூன்றாம் தரப்பின் தகவலுக்கான பிரிவு 11(3) கணக்குப்படி 40 நாள், அதாவது ஜூலை 11. எது சரி?

இரண்டும் சரி, வெவ்வேறு தாள்களுக்கு. 11-ஆம் பிரிவு பொருந்த மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். தகவல் மூன்றாம் தரப்பை (இங்கே ஒப்பந்ததாரரை) பற்றியதாகவோ அவர் கொடுத்ததாகவோ இருக்க வேண்டும். அதை அவர் ரகசியமாகக் கருதியிருக்க வேண்டும். நீங்கள் அதை வெளியிடும் எண்ணத்தில் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைத்தான் பலர் கவனிப்பதில்லை. மறுப்பது என்று முடிவெடுத்துவிட்டால் அவர் கருத்தைக் கேட்டு அறிவிப்பு அனுப்பவே தேவையில்லை. பணி ஆணையும் எம்-புக்கும் அலுவலகத்திலேயே உருவானவை. அவற்றை ஒப்பந்ததாரர் ரகசியமாக வைத்திருந்தார் என்று சொல்ல வழியில்லை. அவை ஜூலை 1-க்குள் போக வேண்டும். விலைப் பகுப்பாய்வு ரகசியம் என்ற குறிப்போடு தரப்பட்டிருந்தால் அதற்கு மட்டும் 40 நாள். ஒரு தாளுக்காக முழு மனுவையும் நிறுத்திவைப்பதற்கு 11-ஆம் பிரிவில் ஆதாரம் இல்லை.

அந்த 40 நாளும் சும்மா கிடைப்பதல்ல. மனு வந்த 5 நாளுக்குள், அதாவது ஜூன் 6-க்குள், ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். அது அவர் கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் அவர் தன் கருத்தைச் சொல்லலாம். ஜூன் 25 அன்று அறிவிப்பை அனுப்பிவிட்டு 40 நாள் கேட்பது, எங்கள் கருத்தில், விதிவிலக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நிபந்தனையைத் தள்ளிவிடுவது. எப்போது அனுப்பினாலும் 40 நாள் எண்ணப்படுவது மனு வந்த தேதியிலிருந்துதான்.

"மூன்றாம் தரப்பு ஆட்சேபித்ததால் மறுக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரி ஆணைகள் ஏராளம். ஆட்சேபத்தை முடிவெடுக்கும்போது கருத்தில் கொள்ளச் சொல்கிறது சட்டம். அதற்குக் கட்டுப்படச் சொல்லவில்லை. மறுக்க வேண்டுமானால் காரணம், விலக்குகளைச் சொல்லும் 8 அல்லது பதிப்புரிமை பற்றிய 9-ஆம் பிரிவில் இருந்து வர வேண்டும். 7(1) அப்படித்தான் சொல்கிறது. இதே காரணத்தால் 7(9)-ம் மறுப்புக்கு உதவாது. கேட்ட வடிவத்தில் தருவது அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறி இழுக்கும் என்றால் வடிவத்தை மாற்றலாம், நேரில் வந்து கோப்பைப் பார்க்கச் சொல்லலாம். வடிவத்தைப் பற்றிய பிரிவைத் தகவலையே மறுக்கும் பிரிவாக மாற்ற முடியாது.

அடுத்தது 8(1)-ம் 8(2)-ம். இரண்டுமே மற்றவற்றை மீறும் சொற்களோடு தொடங்குகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் எது எதைப் பெயர் சொல்லி மீறுகிறது என்று பாருங்கள். 8(1) பொதுவாக "இந்தச் சட்டத்தில் எது இருந்தபோதிலும்" என்கிறது. 8(2) குறிப்பாக "8(1)-இல் உள்ள விலக்குகள் எவையாயினும்" என்கிறது. பாதுகாக்கப்படும் நலனுக்கு வரும் தீங்கைவிட வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பெரிதானால் தகவலை அளிக்கலாம் என்கிறது. எனவே கடைசிச் சொல் 8(2)-உடையது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 44(3)-ஆம் பிரிவு, தனிநபர் தகவலுக்கு விலக்களிக்கும் 8(1)(ஜே)-யை மாற்றி, அதற்குள்ளேயே இருந்த பொதுநலச் சோதனையை எடுத்துவிட்டது. 8(2)-ஐத் தொடவில்லை. ஆகவே தனிநபர் தகவல் என்று எழுதியதோடு கோப்பு முடிந்துவிடுவதில்லை. 8(2)-இல் அதிகாரம் அலுவலருக்கு அல்ல, பொது அதிகார அமைப்புக்கே (தகவலை வைத்திருக்கும் துறைக்கே) தரப்பட்டிருப்பதால், மனுதாரர் பொதுநலனைச் சுட்டியிருந்தால் குறிப்புடன் கோப்பை மேலே அனுப்புங்கள். அங்கே எடுத்த முடிவை ஆணையில் எழுதுங்கள்.

மனுதாரர்களும் இங்கே தவறுவது உண்டு. 22-ஆம் பிரிவு இந்தச் சட்டத்துக்கு மேலாதிக்கம் தருகிறது, ஆகவே 8(1) செல்லாது என்று வாதிடுகிறார்கள். 22 பேசுவது பிற சட்டங்களோடு வரும் முரண்பாட்டை. 8-ஆம் பிரிவு இதே சட்டத்தின் பகுதி. அதை 22-ஐக் கொண்டு வெட்ட முடியாது.

இணக்கமாகப் படிப்பதற்குச் சட்டமே தந்திருக்கும் கருவி 10-ஆம் பிரிவு. பட்டியலில் ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறதா? அந்த வரியை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். அப்போது 8-ம் காப்பாற்றப்படுகிறது, 7-ம் நிறைவேறுகிறது. ஆனால் மறைத்தால் மட்டும் போதாது. 10(2)-இன்படி, பகுதி மட்டுமே தரப்படுகிறது என்பதையும், காரணத்தையும், முடிவெடுத்தவரின் பெயர், பதவியையும், மறு ஆய்வு கோரும் வழியையும் மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மேல்முறையீட்டு அலுவலர்கள் கவனிக்க: 18-ஆம் பிரிவுப் புகாரும் 19-ஆம் பிரிவு மேல்முறையீடும் ஒன்றையொன்று விழுங்குவதாகத் தோன்றும். மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இரண்டும் வேறு நோக்கத்துக்கானவை, வேறு நடைமுறை கொண்டவை என்று பிரித்தது. தகவல் வேண்டுமென்றால் வழி 19. 18-இன்கீழ் தகவல் ஆணையம் தகவலைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியாது. எனவே உங்களிடம் வரும் முதல் மேல்முறையீட்டைப் "புகாராகக் கொள்ளலாம்" என்று தள்ளினால், தகவல் பெறும் ஒரே வழியை மனுதாரருக்கு அடைத்துவிடுகிறீர்கள்.

எவ்வளவு முயன்றும் இரண்டு பிரிவுகள் சேரவில்லையா? பொதுவானதைவிடக் குறிப்பானது நிற்கும், ஜே.கே. காட்டன் வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம் கையாண்ட விதி அது. சட்டத்தில் பின்னால் வரும் பிரிவே நிற்கும் என்ற விதி வேறெதுவும் கைகொடுக்காதபோது மட்டும் எடுக்கப்படுவது. இந்தச் சட்டத்தில் அதற்குத் தேவை வருவது மிக அரிது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. மறுப்பாணையில் முட்டும் இரண்டு பிரிவுகளின் எண்களையும் எழுதுங்கள். எந்தத் தாளுக்கு எது பொருந்துகிறது, ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். 7(8)-இன்படி மேல்முறையீட்டுக் கெடுவையும் அதிகாரியின் விவரத்தையும் சேருங்கள். மறுத்தது சரியென்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-இன்படி உங்களுடையது. காரணமின்றித் தாமதித்தால் 20-ஆம் பிரிவின்கீழ் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விழுவதும் உங்கள்மேல்தான். காரணங்களோடு எழுதிய ஆணையாக இருந்தால், அதை எதிர்த்து நாங்கள் மேல்முறையீடு செய்தாலும், நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதற்கு ஆணையத்தின் முன் அதுவே சாட்சி.

இப்படிக்கு,
தகவல் உரிமை மனுதாரர்களுக்கு உதவுவோர்