சிவப்பு நூல்

அன்பு மகளுக்கு,

டொராண்டோவில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடாமல் வெளியே போகாதே.

நேற்று நம் யூத நாட்காட்டியில் ஹெஷ்வான் மாதம் 11. நம் தாய் ராகேலின் நினைவு நாள். எப்போதும்போல் பெத்லகேமில் அவள் கல்லறைக்குப் போய்விட்டு வந்தேன். சரியான கூட்டம், பெண்கள் பக்கம் உள்ளே நுழையவே இரண்டு மணி நேரம் ஆனது. நீ சின்ன வயதில் பார்த்த குவிமாடம் இப்போது சாலையிலிருந்து தெரிவதில்லை, எல்லாம் கான்கிரீட் சுவர். அந்த 1841 கதை ஞாபகம் இருக்கிறதா? இங்கிலாந்து யூதச் செல்வந்தர் மோசஸ் மான்டிஃபியோரி அந்தக் கல்லறையைப் புதுப்பித்துக் கொடுத்தார். மனைவி ஜூடித் இறந்ததும் இங்கிலாந்தில் அவருக்கு இதே மாதிரி ஒரு கல்லறை எழுப்பினார். அவர்களுக்கும் கடைசிவரை... சரி, அதை விடு.

வரும்போது பேருந்தில் பக்கத்தில் இருந்தவளிடம் என் மூத்தவள் பாலம் கட்டும் இன்ஜினியர் என்று பெருமையாகச் சொன்னேன். "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டாள். இறங்கும் இடம் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். வரவில்லை. மீதி வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் வலி உனக்குத் தெரியும்.

கல்லறையை ஏழு சுற்றுச் சுற்றிய சிவப்பு நூல் இதில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு நூல் கட்டுவது எமோரியர் வழக்கம், அந்நியரின் மூடநம்பிக்கை என்று ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான தொசெஃப்தாவிலேயே இருக்கிறதாம். கட்ட வேண்டாம், மேசை இழுப்பறையில் போட்டு வை. மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டியதுகூட இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சூப் செய்து வைத்துக்கொள். உன் தங்கை மகனின் எட்டாம் நாள் விருத்தசேதன விருந்துக்கு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தனக்குப் பதிலாக அக்காள் லேயாளை அப்பா மணப்பெண்ணாக அனுப்பியபோது, ராகேல் யாக்கோபோடு பேசி வைத்திருந்த அடையாளங்களையே அவளிடம் சொல்லிக் கொடுத்தாளே, கல்யாண ராத்திரியில் அக்காள் வெட்கப்பட்டுப் போகக் கூடாது என்று. உனக்கு ஒரு போன் செய்ய முடியவில்லையா?

இதை எழுதியிருக்கக் கூடாது. ராகேல் கதையை எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். அக்காளுக்கு நாலு மகன்கள் பிறந்த பிறகு அவள் என்ன பாடுபட்டாள், பிள்ளை வரம் தரும் என்று நம்பிய தூதாயீம் கனிக்காக எப்படிக் கெஞ்சினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

போன புதன்கிழமை பெண்கள் வகுப்பில் அந்த இடம்தான் வந்தது. "எனக்குப் பிள்ளை கொடும், இல்லாவிட்டால் சாகிறேன்" என்கிறாள். யாக்கோபு கோபப்பட்டு, "நான் தேவனா?" என்று கேட்கிறார். வேதத்துக்கு விளக்கம் சொல்லும் மித்ராஷில் ரபிமார் அவரைச் சும்மா விடவில்லை. மனம் நொந்து நிற்கும் பெண்ணுக்குச் சொல்லும் பதிலா இது என்று தேவனே கேட்கிறார். உன் பிள்ளைகள் அவள் பிள்ளைக்கு முன்னால் நிற்பார்கள் என்கிறார். அப்படியே எகிப்தில் யோசேப்பு முன்னால் போய் நின்றார்கள். எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். நான் புரட்டவில்லை.

ஆகஸ்டில் நீ அழைத்தபோது இங்கே இரவு. முடிவு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாய், பிறகு பேசவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "அதற்கு நான் என்ன செய்ய முடியும், நான் கடவுளா?" என்றேன். இதே வார்த்தை. குழாயைக்கூட நிறுத்தவில்லை மகளே. தண்ணீர் சத்தத்தில் நீ எப்போது போனை வைத்தாய் என்றே எனக்குத் தெரியாது. பயத்தில் சொன்னது என்று அப்பாவிடம் சொன்னேன். பயம்தான், ஆனால் சலிப்பும் இருந்தது. மூன்றாவது தடவை அல்லவா. எனக்கே சலித்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. அப்போதே அழைத்திருக்கலாம்.

நேற்று அங்கே எல்லோரும் அழுதார்கள். எனக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. பிள்ளை கேட்கவில்லை. நீ கேட்கச் சொல்லவில்லையே.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, உனக்குக் காலை எட்டு மணி, அப்பா வழக்கம்போல் அழைக்கிறார். நீ எடுக்காவிட்டால் "சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் போல உன்னை ஆக்குவாராக" என்று வாய்ஸ் மெயிலிலேயே ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு மெழுகுவத்தி ஏற்ற என்னைக் கூப்பிடுவார். போன வாரம் அதுவும் நிரம்பிவிட்டது என்று குரல் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பேச வேண்டாம், பழையதை அழித்துக் கொஞ்சம் இடம் மட்டும் வை.

காதை மூடிக்கொள்.

அம்மா