எடைக்குப் போகும் தமிழ்த் தட்டச்சுப்பொறிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதி அரசு அலுவலகம் ஒன்றில் கழிவுப் பொருள்கள் ஏலம் விடப்பட்டபோது, கால் உடைந்த நாற்காலிகளுடனும் துருப்பிடித்த அலமாரிகளுடனும் நான்கு தமிழ்த் தட்டச்சுப்பொறிகளும் பழைய இரும்பாக எடை போட்டுக் கொடுக்கப்பட்டதை அண்மையில் நேரில் பார்த்தேன். அவற்றுள் இரண்டு, தூசி தட்டி ரிப்பன் மாற்றினால் அன்றைக்கே வேலை செய்யக்கூடியவை. 31 ஆண்டுகள் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இவற்றைவிடப் பல மடங்கு சீர்கெட்டுக் கிடந்த ஒரு பொறியை என் கையால் மீட்டெடுத்தவனும்கூட. அந்த உரிமையில், இந்த ஏல முறையில் ஒரு சிறு மாற்றத்தைக் கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மீட்டெடுத்தது ரெமிங்டன் பெரிய வடிவப் பொறி. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறியபோது, ஏற்கெனவே மூடிக் கிடந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த பொறிகள் எல்லாம் வாரக்கணக்கில் சேற்றில் கிடந்தன. பழைய இரும்புக் கடையில் நான் பார்த்தபோது அதன் விசைகளில் ஒன்றுகூட அசையவில்லை; தாளைத் தாங்கி இடமும் வலமுமாக ஓடும் கேரேஜ் ஒரு பக்கமாக இறுகி நின்றது; தாள் சுற்றிச் செல்லும் ரோலரின் ரப்பர் கருங்கல்லாகியிருந்தது. ஏறக்குறைய 15 கிலோ எடைக்கு 450 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் அதைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பழுதான பொறியைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்கிற தவறு எண்ணெய் விடுவது. நானும் இளமையில் அதைச் செய்திருக்கிறேன். மெக்கானிக்குகள் ‘டைப் பார்’ என்று சொல்லும் எழுத்துக் கம்பிகள், விசிறி மடிப்புப் போல ஒரு பிறைவடிவ இரும்பின் குறுகிய பள்ளங்களில் அமர்ந்திருக்கின்றன. அந்தப் பள்ளங்களில் எண்ணெய் விட்டால், அது தூசியைப் பிடித்து வைத்துச் சில மாதங்களில் பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டவர்களின் பொறிகளைப் பார்த்தால் அழுகையே வரும். அங்கே வேண்டியது கழுவல் மட்டுமே. முன்பு மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. இப்போது பெயின்ட் கடை டர்பன்டைனும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கம்பி ஒவ்வொன்றையும் கையால் தூக்கித் தூக்கி விட்டு, பள்ளத்திலிருந்து சேறு கலந்த கறுப்பு நீர் வடிவது நிற்கும்வரை கழுவ வேண்டும். எனக்கு இதற்கு மட்டும் பதினோரு நாள்கள் ஆயின. தின்னரைத் தொடவே கூடாது. அழுக்கோடு சேர்த்து, முகப்பில் பொன்னிறத்தில் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயரையும் அது கொண்டுபோய்விடும். கழற்றிய திருகாணிகளையும் தகடுகளையும் வினிகரில் ஓரிரவு ஊறவைத்துத் துருவை நீக்கலாம். ஆனால் வில்சுருள்களை அப்படி ஊறவைத்தால் அமிலம் பட்ட எஃகு நொறுங்கத் தொடங்கிவிடும் என்பதால், அவற்றை மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகு கேரேஜ் ஓடும் தண்டவாளத்தில் மட்டும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி.

கேரேஜை இழுக்கும் பட்டை இற்றுப்போயிருந்தது. அதற்குப் பதிலாகப் பின்னல் தூண்டில் கயிறு ஒன்றைக் கட்டினேன். சுருள்வில்லை நான்கைந்து சுற்று முறுக்கி, கை நழுவாமல் பிடித்துக்கொண்டே முடிச்சுப் போட வேண்டியிருந்தது. ரோலரைச் சிவகாசியில் அச்சு எந்திர ரோலர்களுக்கு ரப்பர் ஏற்றித் தரும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். அதன் விட்டம் சிறிது கூடினாலும் எழுத்து பாதியே பதியும். வரிகளுக்கு இடையிலான தூரமும் மாறும். நல்லவேளையாக, ரோலரின் ஓரத்தில் தேயாமல் இருந்த ஓரங்குலப் பகுதியை அளந்து சொல்ல முடிந்தது.

இவை எந்த மொழிப் பொறிக்கும் பொதுவான வேலைகள். தமிழ்ப் பொறிக்கே உரிய சிக்கல் பிறகுதான் வெளிப்பட்டது. எல்லாம் ஓடத் தொடங்கியும் ஒரு சொல்கூட ஒழுங்காக விழவில்லை. ‘மண்’ என்று அடித்தால் புள்ளி தனியாக ஓர் இடத்தில் விழுந்து, அதற்கு அடுத்த இடத்தில் ‘ண’ நின்றது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பின்னர், புள்ளி விசையின் கம்பியில் யாரோ ஒரு சிறு தகட்டைப் பற்றவைத்திருப்பதைக் கண்டேன். தமிழ்ப் பொறியில் புள்ளியும், ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல் வரும் விலங்குகளும் அடிக்கும்போது கேரேஜ் நகரக் கூடாது. முதலில் புள்ளியை அடிக்க வேண்டும்; பொறி நகராமல் நிற்கும்; அதே இடத்தில் எழுத்தை அடித்தால் இரண்டும் ஒன்றாகி மெய்யெழுத்து ஆகும். ஆங்கிலப் பொறிகளை மட்டுமே பார்த்துப் பழகிய எவரோ, நகராத அந்த விசையைப் பழுதென்று நினைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் கேரேஜை ஓரிடம் நகரவிடும் சட்டத்தில் கம்பி இடிக்கும்படி தகடு வைத்து ‘சரி’ செய்திருக்கிறார். அந்தத் தகட்டை அரத்தால் ராவி எடுத்த அன்றைக்குத்தான் பொறி தமிழ் பேசியது.

அந்த நகரா விசையை நமக்குத் தந்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர். 247 எழுத்துகளை ஒரு மேசைப் பொறியின் விசைகளுக்குள் அடக்குவது எப்படி என்று தனியாளாக உட்கார்ந்து விசைப்பலகையை வகுத்தார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்டு நௌமான் ஆலையில் ‘பிஜோ’ என்ற பெயரில் அவருடைய தமிழ்ப் பொறிகள் உருவாயின. இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த முதல் நாளில் ‘ய, ள, ன, க’ என்று இடக்கை விரல்களை வைத்துப் பழகிய ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ அவர் தொடங்கிவைத்த முயற்சியின் பயனைத் துய்த்தவர்களே. எழுத்து எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணால் காட்டும் இத்தகைய பொறி இரும்பு விலைக்குப் போகிறது என்பதே என் வருத்தம்.

உதிரிப் பாகங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். 1955-இல் தட்டச்சுப்பொறி தயாரிப்பைத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரெமிங்டனும் ஹால்டாவும் அதற்கு முன்பே நின்றுபோயின. ஆங்கிலப் பொறிக்கான பாகங்களை வெளிநாட்டிலிருந்தாவது தேடி வரவழைக்கலாம். தமிழ் எழுத்துத் தலை ஒன்று விழுந்துவிட்டால், இன்னொரு பழைய தமிழ்ப் பொறியிலிருந்து எடுத்துப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. என் பொறியிலும் இரண்டு எழுத்துகள் இல்லை. அவற்றைத் தேடித் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று அலைந்து ஏழாவது மாதத்தில்தான் கண்டெடுத்தேன். அரசுத் தட்டச்சுத் தேர்வுக்காக இன்றும் பொறி வைத்துப் பயிற்சி தரும் இன்ஸ்டிட்யூட்டுகளும், அவற்றைப் பழுது பார்க்கும் வயதான மெக்கானிக்குகளும் இதே தட்டுப்பாட்டில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஏலத்தில் உருக்காலைக்குப் போவது உதவாத இரும்பு அன்று. அவர்களுடைய உதிரிப் பாகக் கிடங்கு.

இன்னொரு பக்கம், அழகுப் பொருளாக வாங்குகிறவர்கள் செய்யும் சேதமும் குறைவில்லை. உணவகங்களின் வரவேற்பறையில் வைப்பதற்காகப் பொறி முழுவதையும் ரிப்பன் சட்டத்தோடு சேர்த்து நீல நிறத்திலோ பொன்னிறத்திலோ பெயின்ட் தெளித்து விடுகிறார்கள். விசைத் தலைகளைப் பிடுங்கிக் காதணியும் சாவிக்கொத்தும் செய்கிறார்கள். பெயின்ட் ஒருமுறை எழுத்துக் கம்பிகளின் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் அதன் பிறகு எந்த டர்பன்டைனும் உதவாது. சேற்றில் கிடந்ததையாவது கழுவி எடுத்துவிட்டேன். பொன்னிறம் பூசிய ஒன்றை என்னிடம் கொண்டுவந்தபோது திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. துரு விட்டுப்போன தழும்புகள் வெளிச்சட்டத்தில் இருந்தால் இருக்கட்டும் என்று விடுவதே நல்லது. என் பொறியிலும் அவை அப்படியே உள்ளன.

நான் கேட்பது அரசுக்குப் பெரிய செலவு வைக்கும் ஒன்றன்று. கழிவுப் பொருள் பட்டியலில் தட்டச்சுப்பொறிகளை ‘இதர இரும்பு’ என்ற இனத்தில் சேர்க்காமல், தமிழ் விசைப்பலகை உள்ளவற்றைத் தனியே குறிக்க வேண்டும். எடை போடுவதற்கு முன்பாகப் பதினைந்து நாள்கள், இயங்கும் பொறிகளை நூலகங்களும் அரசு அருங்காட்சியகங்களும் கேட்டுப் பெறவும், இயங்காதவற்றை அதே இரும்பு விலைக்கு இன்ஸ்டிட்யூட்டுகளும் மெக்கானிக்குகளும் எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புத் தர வேண்டும். அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினாலே போதும். யாரும் வரவில்லை என்றால் பிறகு எடைக்குப் போகட்டும்.

நான் கண்ட அந்த நான்கு பொறிகளில் இரண்டை, ஏலம் எடுத்த கடைக்காரரிடம் பேசி வாங்கிவந்துவிட்டேன். மற்ற இரண்டும் நான் பணம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் லாரியில் ஏறிவிட்டன.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
பாளையங்கோட்டை.