சின்னவனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நியூரம்பெர்க்கிலிருந்து நீ அனுப்பிய, அந்த ஊர் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறேன். பாத்திரத்தில் பேர் வெட்ட வருகிறவர்கள், "பன்றிக்கு நடுவில் முழங்கால் போட்டிருக்கிறது யாரு?" என்று கேட்கிறார்கள். வேதாகமக் கதையில் வருகிற ஊதாரி மைந்தன், என் மகன் அனுப்பினது, அவன் அந்த ஊரில்தான் இருக்கிறான் என்பேன். அடுத்து, போன் பண்ணினானா என்பார்கள். அதற்குத்தான் பதில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 1496 வாக்கில் வெட்டினது, டியூரருக்கு அப்போது 25 வயது இருக்கும். நான் உளியைச் சுத்தியலால் தட்டுகிறவன். அவர் தட்டவில்லை, உளியின் பிடியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளியே செப்புத் தகட்டில் கோடு இழுத்திருக்கிறார். வளைவு வந்தால் தகட்டைத்தான் திருப்ப வேண்டும். அச்சில் இடம் வலம் மாறி விழும் என்பதால், கீழே இருக்கிற பேர் எழுத்தில் 'ஏ' எப்படியும் தப்பித்துவிடும், 'டி'யை இடம் வலம் மாற்றி வெட்டியாக வேண்டும். கைகாரன்!

அவர் அப்பாவும் பொற்கொல்லர்தான். மகன் அந்தத் தொழிலைப் பழகிவிட்டு, ஓவியம்தான் வேண்டும் என்றாராம். பழகின காலம் வீணாயிற்றே என்று தகப்பனுக்கு வருத்தம். ஆனாலும் 1486-ல் வோல்கமுட் என்கிற ஓவியரிடம் சேர்த்துவிட்டார். உன்னைக் கடையில் உட்கார வைக்காமல் அனுப்பினதில் எனக்கு அந்த வருத்தம்கூடக் கிடையாது. நம் தெருவில் யார் பிள்ளை உன் அளவுக்குப் படித்தான்? ஆனால் டியூரர் நாலு வருஷம் ஊர் சுற்றினாலும், 1494-ல் அப்பா கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

வேதாகமத்தில் பன்றி மேய்க்க வயலுக்கு அனுப்பினதாக வருகிறது. இவர் ஒரு பண்ணை முற்றத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். தொட்டியில் பன்றிகளும் குட்டிகளும் தின்கின்றன, பின்னால் செங்குத்தான கூரைகள். பையன் கையைக் கோத்துக்கொண்டு மேலே பார்க்கிறான். தகப்பனைப் படத்தில் சேர்க்கவே இல்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை. மகன் தூரத்தில் வரும்போதே அந்த மனுஷன் ஓடினார் என்றுதானே லூக்கா 15-ல் இருக்கிறது? இடம் தெரிந்திருந்தால் தொட்டி வரைக்கும் போயிருப்பார்.

அங்கே கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. வீடு மாறினாயாமே? அதனால்தான் இதை உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்புகிறேன். புது முகவரியை எழுது. தோப்பு விஷயம் முடிந்துபோனது, அதை யாரும் எடுக்க மாட்டார்கள். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே, சோறு பொங்கிச் சாப்பிடு. முகவரியை மறக்காமல் எழுது. டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் அண்ணனைக் கேட்காதே, என்னைக் கேள்.

அன்புடன்,
அப்பா