ஆனி மாதத்துக் கார்த்திகை

டே புக்கே,
நியூசிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கிவிப்பழப் பறிப்பு முடிந்து இப்போது கவாத்து நடக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. போன வாரம் போனில் சொல்ல வந்து, அழுகை முட்டியதால் பாதியில் வைத்துவிட்டேன். அதுதான் எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும், இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி இனத்து அக்கா ஒருவருக்கு, தை மாதம் ஆச்சி போனதும் நான் வர முடியாமல் தவித்ததும் தெரியும். "மட்டாரிக்கிக்கு எங்களோடு வா" என்றார். மட்டாரிக்கி என்றால் நம் கார்த்திகை நட்சத்திரம்தான் அம்மா! சில வாரம் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, குளிர் கடுமையாக இருக்கும் ஆனி மாதத்தில் விடியலுக்கு முன் கிழக்கே மறுபடி எழுகிறது. இவர்களுக்கு அதுதான் புத்தாண்டு. 2022 முதல் நாடு முழுக்க அரசு விடுமுறை. நாம் முருகனை வளர்த்த ஆறு பெண்கள் என்போம். இங்கே ஒரு தாயும் எட்டுப் பிள்ளைகளும் என்கிறார்கள்.

இருட்டோடு கிளம்பி ரொட்டோருவா ஏரிக்கரைக்குப் போனோம். ஊரெங்கும் கந்தக வாடை. வீட்டு முற்றத்தில்கூட மண்ணிலிருந்து ஆவி எழும்புகிறது, நெல் அவித்த அண்டாவைத் திறந்ததுபோல.

இவர்கள் தன்னைப் பற்றிச் சொல்லும்போது பெயர் கடைசியில்தான் வரும். முதலில் தன் மலை, தன் ஆறு, முன்னோர் கடல் கடந்து வந்த படகு. என் முறை வந்தபோது "என் மலை பொதிகை, என் ஆறு தாமிரபரணி" என்று தமிழிலேயே சொன்னேன். அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தும் ஒருநாளும் அதை அப்படிச் சொன்னதில்லை.

அந்த ஒன்பதில் போஹுத்துகாவா என்ற நட்சத்திரம் இறந்தவர்களுக்கு உரியது. பெரியவர் ஒருவர் வேண்டுதல் சொல்லி முடித்ததும், அந்த வருஷம் வீட்டில் யாரை இழந்தார்களோ அவர்கள் பெயரை ஒவ்வொருவராக வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். நானும் ஆச்சி பெயரைக் கூப்பிட்டேன். ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது. அக்கா தன் நெற்றியையும் மூக்கையும் என்னுடையதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூச்சைப் பகிர்ந்துகொள்வது என்று அதற்குப் பொருளாம்.

அப்புறம் படையல். மண்ணுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஆற்றுக்கு விலாங்கு, கடலுக்கு மீன், காட்டுக்குப் பறவை என்று வேகவைத்து மூடியைத் திறக்கிறார்கள். மேலே போகும் ஆவிதான் நட்சத்திரங்களுக்கு உணவு.

கார்த்திகைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டார். ஆச்சியின் ஓலைக்கொழுக்கட்டையைச் சொன்னேன். செய்து தரச் சொல்லியிருக்கிறார். பனையோலைக்கு இங்கே வழியில்லை, வாழையிலை தேடிப் பார்க்கிறேன். ஒரு படி மாவுக்கு ஆச்சி எவ்வளவு கருப்பட்டி போடுவாள், சுக்கு எவ்வளவு என்று மறக்காமல் எழுதி அனுப்பு.

உன் அன்பு மகன்